இரத்தம் உறையாத மாத்திரையும் கணைய வியாதியும்

(சின்னசேலத்தில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கூட்டத்தை ஒழுங்கு செய்தவர்கள், "ஏதாவது ஒரு வியாதியைப் பற்றி எல்லோருக்கும் விளங்கும்படி பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். சர்க்கரை வியாதியைப் பற்றியும் இரத்தக் கொதிப்பைப் பற்றியும் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். ஆகவே நான் வேறொரு காரியத்தை எடுத்துக்கொள்கிறேன். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு வரும் ஒருவருக்குக் கணையத்தில் அழற்சி வந்தால் என்ன ஆகிறது, அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதே அது.

கேட்பதற்கு இது பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளின் சங்கதி போலத் தோன்றும். அப்படியல்ல. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம் ஊர்ப் பக்கத்திலும், கல்வராயன் மலைக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். கணைய வியாதியும் நமக்குப் புதிதல்ல. இரண்டும் ஒரே உடம்பில் சந்திப்பது அடிக்கடி நடப்பதில்லை. சந்தித்துவிட்டால், முதல் இரண்டு மூன்று நாட்களில் யார் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தே அந்த உயிர் நிற்கிறது.

முதலில் மாத்திரை. "ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை" என்றுதான் மக்கள் சொல்கிறார்கள். உண்மையில் அது இரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. உடம்பில் ஓடும் இரத்தம் முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. அது கட்டியாக உறைவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும் நீளுகிறது. இதைச் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் வயதானவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். நம் பக்கத்தில் இளம் வயதினர் பலர் உண்டு. பள்ளிக்கூடம் போகிற வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வருகிறது. பிறகு மூட்டு வீங்குகிறது. அது தானாகவே சரியாகிவிடுகிறது, வீட்டிலும் மறந்துவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, தலையில் ஒரு குடம் தண்ணீர் வைத்து நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று வருகிறார்கள். பார்த்தால் இதயத்தின் வால்வு சுருங்கிப் போயிருக்கிறது. ருமாட்டிக் காய்ச்சல் விட்டுச் சென்ற தழும்பு அது.

வால்வு மிகவும் கெட்டுப்போனால் அதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1961-இலேயே இதயத்தைத் திறந்து அறுவை செய்தார்கள். ஆனால் வெளிநாட்டு வால்வின் விலை ஏழைக்கு எட்டாததாகவே வெகுகாலம் இருந்தது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பல வருஷம் பாடுபட்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்ற மாதிரிகளையெல்லாம் தாண்டி, நம் நாட்டிலேயே ஒரு வால்வைச் செய்தார்கள். 1990 டிசம்பரில் அது முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. அதன்பின் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த வால்வு வைக்கப்பட்டிருக்கிறது.

உலோக வால்வு பல வருஷம் உழைக்கும். ஆனால் இரத்தம் அதைத் தன் வீட்டுப் பொருளாக ஏற்றுக்கொள்வதில்லை. அந்நியப் பொருளைக் கண்டால் அதன்மேல் உறையப் பார்க்கும். அப்படி உறைந்தால் வால்வு மூடித் திறக்க முடியாமல் சிக்கிக்கொள்ளும். அல்லது அந்தக் கட்டி பிய்ந்துபோய் மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கும். ஆகவே உலோக வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். வார்ஃபரின் என்று ஒன்று, அசினோகூமரால் என்று ஒன்று. நம் நாட்டில் இரண்டாவதைத்தான் அதிகம் எழுதுகிறார்கள்.

இந்த மருந்து வந்த கதை மாடு வளர்க்கிற உங்களுக்கு நன்றாக விளங்கும் என்பதால் சொல்கிறேன். 1920-களில் அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் மாடுகள் காரணமில்லாமல் இரத்தம் கொட்டிச் செத்தன. கொம்பு சீவினால் போதும், இரத்தம் நிற்காது. ஸ்வீட் குளோவர் என்னும் தீவனப் பயிரை வைக்கோல் போல் காயவைத்து, அது ஈரம்பட்டுப் பூசணம் பிடித்தபின் மாடுகள் தின்றதே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு விவசாயி, செத்த கிடாரியையும், பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கடும் பனிப்புயலில் வெகுதூரம் ஓட்டி வந்து, கார்ல் பால் லிங்க் என்னும் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் இறக்கினார். அந்தத் தீவனத்திலிருந்த விஷத்தைப் பிரித்தெடுக்க லிங்க்கின் குழுவினருக்கு ஆறு வருஷம் ஆயிற்று. அதன் வழிவந்ததே வார்ஃபரின். 1948-இல் அது எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. மனிதருக்கு மருந்தாக 1954-இல் அனுமதி கிடைத்தது. மறு வருஷமே அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அதைக் கொடுத்தார்கள். "எலி மருந்தையா எங்களுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டால், ஜனாதிபதிக்கே கொடுத்தது என்று பதில் சொல்லலாம். அளவில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த அளவுதான் கஷ்டம். நம் ஈரல், வைட்டமின் கே என்னும் சத்தைக் கொண்டு இரத்தத்தை உறையவைக்கும் பொருட்களில் சிலவற்றைச் செய்கிறது. மாத்திரை அந்த வேலையைத் தடுக்கிறது. ஆகவே வைட்டமின் கே கூடினால் மாத்திரையின் பலம் குறையும். அது குறைந்தால் மாத்திரையின் பலம் கூடும். எவ்வளவு தடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க ஒரு இரத்தப் பரிசோதனை உண்டு. அதற்கு ஐ.என்.ஆர். என்று பெயர். ஒவ்வொரு ஊர்ப் பரிசோதனைக் கூடமும் ஒவ்வொரு விதமான விடை தந்துகொண்டிருந்த காலத்தில், உலகம் முழுவதற்கும் ஒரே அளவுகோலாக 1983-இல் உலக சுகாதார நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. மாத்திரை சாப்பிடாத சுகமுள்ள ஆளுக்கு ஐ.என்.ஆர். 1. மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு வைத்தவர்களுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில். இதற்குக் கீழே போனால் உறையும் ஆபத்து. 5, 6 என்று மேலே ஏறினால் இரத்தம் கசியும் ஆபத்து. வரப்பின்மேல் நடப்பதைப்போலத்தான். இரண்டு பக்கமும் சேறு.

இனி கணையத்துக்கு வருவோம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே படுத்திருக்கிற, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த உறுப்பு அது. இன்சுலினைச் சுரப்பதும் அதுதான். மாமிசத்தையும் கொழுப்பையும் செரிக்கவைக்கும் நீரைச் சுரப்பதும் அதுதான். அந்தச் செரிமான நீர் குடலுக்குப் போய்ச் சேர்ந்த பின்பே விழித்துக்கொள்ள வேண்டும். ஏதோ காரணத்தால் கணையத்துக்குள்ளேயே அது விழித்துக்கொண்டால் கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கிவிடுகிறது. அதுவே கணைய அழற்சி. மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பாயும் வலி. மல்லாந்து படுக்க முடியாது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலாம் போலிருக்கும். வாந்தி நிற்காது. நம் பெரியவர்கள் சூலை என்று சொன்ன வலிகளில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம்.

காரணங்களில் முதலாவது பித்தப்பைக் கல். மற்றது குடி. இரத்தத்தில் ஒருவகைக் கொழுப்பு மிக அதிகமாவதும் காரணமாகலாம். குடியைப் பற்றி நம் மாவட்டத்தில் அதிகம் சொல்லத் தேவையில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாடே பார்த்தது. அது மெத்தனால் என்னும் தொழிற்சாலை இரசாயனம் செய்த வேலை; கணைய அழற்சி அல்ல. சாராயம் என்றாலே மலையைக் கைகாட்டுகிற பழக்கம் கீழ்நாட்டில் உண்டு. மெத்தனால் மலையில் விளைகிறதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனால் மெத்தனால் இல்லாத சாராயமும், கடையில் முத்திரையோடு விற்கிற மதுவும், வருஷக்கணக்கில் குடிப்பவர்களில் சிலருக்குக் கணையத்தைக் கெடுக்கின்றன. அதற்குப் பத்திரிகையில் தலைப்புச் செய்தி வருவதில்லை.

குச்சிக் கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே மரவள்ளி பயிரிடுகிறவர்கள் இருக்கிறீர்கள். குடிக்காத ஏழை இளைஞர்களுக்குக் கணையத்தில் கல் உண்டாகி, பிறகு சர்க்கரை வியாதியும் வருகிற ஒரு நோய் தென்னிந்தியாவில் உண்டு. 1960-களில் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் அதை நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் கண்டு எழுதினார். மரவள்ளிக் கிழங்கிலுள்ள விஷச்சத்துதான் காரணம் என்று வெகுகாலம் சந்தேகித்தார்கள். பின்னர் கிழங்கே சாப்பிடாத ஊர்களிலும் அந்த நோய் இருப்பது தெரிந்தது. 2002-இல் ஐதராபாத் ஆராய்ச்சியாளர்கள், கணையத்தைத் தன் நீரிலிருந்தே காக்கிற ஒரு மரபணுவில் குறை இருப்பவர்களுக்கு அது அதிகம் வருவதைக் காட்டினார்கள். ஆகவே நன்றாக வேகவைத்த கிழங்கைப் பயப்படாமல் சாப்பிடுங்கள்.

இப்போது இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். கச்சிராயபாளையம் பக்கத்தில் நாற்பது வயதுள்ள ஒரு அம்மா இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஆள் அல்ல. காரியம் விளங்குவதற்காகச் சொல்கிறேன். மைட்ரல் வால்வு மாற்றி ஆறு வருஷம் ஆகிறது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார்கள். பித்தப்பையில் கல் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஒரு ராத்திரி மேல்வயிற்றில் வலி பிடிக்கிறது. பக்கத்தில் ஊசி போடுகிறவரிடம் அழைத்துப்போகிறார்கள். அவர் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியை இடுப்பில் போட்டு, "வயிற்றுக் கோளாறு" என்று மெட்ரோனிடசோல் மாத்திரை ஐந்து நாளைக்குக் கொடுக்கிறார். அம்மா மூன்று நாளாகக் கஞ்சி கூடக் குடிக்கவில்லை. வால்வு மாத்திரையை மட்டும் விடாமல் விழுங்குகிறார்கள். அதை விட்டால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்களே!

ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாப்பிடாததால் வைட்டமின் கே உள்ளே வரவில்லை. கல் பித்தநீரை அடைத்திருந்தால், குடலில் இருக்கிற கொஞ்சம் வைட்டமினும் இரத்தத்தில் சேராது, ஏனென்றால் கொழுப்பில் கரைகிற அந்தச் சத்துக்குப் பித்தநீர் வேண்டும். மெட்ரோனிடசோல், மாத்திரையை ஈரல் கழித்துவிடுகிற வேலையைத் தடுத்து, அதன் பலத்தைக் கூட்டுகிறது. டைக்ளோஃபெனாக் இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியது. சதையில் போட்ட ஊசியோ, போட்ட இடத்தில் உள்ளுக்குள் இரத்தம் கட்டி வீங்குகிறது. இப்படிப்பட்ட நிலையில் ஐ.என்.ஆர். 7, 8 என்று ஏறிப்போவது ஆச்சரியமல்ல. அதே சமயத்தில் விழித்துக்கொண்ட கணைய நீர் சுற்றியுள்ள திசுக்களை அரித்துக்கொண்டிருக்கிறது, இரத்தக் குழாய்களின் சுவர்களையும் சேர்த்து. உறையாத இரத்தமும் அரிக்கப்படும் குழாயும் ஒரே இடத்தில்.

இதில் யாரையும் திட்டுவதற்கில்லை. ஊசி போட்டவருக்கு அவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று தெரியாது. ஒருவேளை அவர் கேட்கவில்லை. ஒருவேளை அவர்கள் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பின்னும் தவறு நடக்க இடமுண்டு. இது எதிர்ப்பக்கத்துத் தவறு. ஐ.என்.ஆர். எட்டு என்று பார்த்ததும் பயந்து, வைட்டமின் கே ஊசியைப் பெரிய அளவில் போட்டுவிடலாம். ஐ.என்.ஆர். விழும், அது மட்டுமல்ல, பிறகு பல நாட்களுக்கு மாத்திரை வேலை செய்யாது. வால்வில் இரத்தம் உறையத் தொடங்கும். வீட்டாரும், "இந்த மாத்திரையால்தான் வந்தது" என்று பிடித்துக்கொண்டு, சுகமானபின்னும் மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்திவிடுவார்கள். கணையத்துக்குத் தப்பினவர்கள் ஆறு வாரத்தில் பக்கவாதத்தில் வந்து நிற்பது இப்படித்தான்.

ஆகவே மருத்துவர்கள் செய்வது என்னவென்றால்: முதலில் மாத்திரையை நிறுத்துகிறார்கள். இரத்தம் கசிகிற அடையாளம் இல்லாவிட்டால், வைட்டமின் கே கொடுக்காமல், அல்லது மிகச் சிறிய அளவே கொடுத்து, ஐ.என்.ஆர். தானாக இறங்கக் காத்திருக்கிறார்கள். தினமும் பரிசோதிக்கிறார்கள். அது 2-க்கு அருகில் வந்ததும் ஹெப்பாரின் என்னும் வேறொரு மருந்தை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறார்கள். 1916-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு மருத்துவ மாணவர் கண்டறிந்த மருந்து அது. இன்று பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. அதன் மேன்மை என்னவென்றால், குழாயை மூடினால் சில மணி நேரத்தில் உடம்பிலிருந்து போய்விடும். அவசரமானால் அதை உடனே முறிக்கிற மருந்தும் உண்டு. மாத்திரை அப்படியல்ல, நிறுத்தினபின்னும் நாட்கணக்கில் நிற்கும். எந்த நேரத்தில் இரத்தம் கொட்டும் என்று தெரியாத கணைய நோயாளிக்குச் சட்டென்று அணைக்கக்கூடிய விளக்குதான் பாதுகாப்பு. தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் ஊசிகள் வசதியானவைதான். ஆனால் கடுமையான கணைய அழற்சியில் சிறுநீரகமும் பழுதாகிவிடக்கூடும். அப்போது அந்த ஊசி மருந்து உடம்பில் தேங்கிவிடும்.

நோயாளி சாப்பிடத் தொடங்கி, பித்தப்பையை எடுப்பதானால் அதுவும் முடிந்தபின், மாத்திரையை மறுபடி தொடங்குகிறார்கள். ஐ.என்.ஆர். உரிய இடத்துக்கு வரும்வரை ஹெப்பாரினும் கூடவே ஓடும். உள்ளுக்குள் உண்மையிலேயே இரத்தப்போக்கு இருந்தால் எல்லாவற்றையும் சில நாட்கள் நிறுத்திவைக்க நேரிடும். வால்வு இருக்கிறதே என்று அப்போது கலங்க வேண்டியதில்லை. சில நாட்கள் மருந்தில்லாமல் இருப்பதன் ஆபத்து சிறியது. பல வாரங்கள் இருப்பதன் ஆபத்துதான் பெரியது. இந்த வித்தியாசம் வீட்டாருக்கு விளங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வயிற்றுவலி என்றாலே கணையம் என்று முடிவு கட்டவும் கூடாது. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஐ.என்.ஆர். ஏறியிருந்தால் குடலின் சுவரிலோ வயிற்றுத் தசையிலோ இரத்தம் கட்டியும் வலிக்கும். சிறுகுடலின் தொடக்கத்தில் அப்படிக் கட்டி, கணைய நீர் வெளிவரும் வாயை அழுத்தி, கணைய அழற்சியையே உண்டாக்கிவிட்ட நோயாளிகளைப் பற்றியும் மருத்துவ ஏடுகளில் எழுதியிருக்கிறார்கள், மிக அபூர்வம். ஐ.என்.ஆர். இறங்கியிருந்தாலோ, வால்விலிருந்து போன கட்டி குடலின் இரத்தக் குழாயை அடைத்து வலிக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வெவ்வேறு. அதனால்தான் ஐ.என்.ஆரும், கணைய நீரின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும், ஸ்கேனும் வேண்டும் என்கிறோம்.

இன்னொரு சந்திப்பும் உண்டு. இதுவரை மாத்திரையே சாப்பிடாத ஒருவருக்குக் கணைய அழற்சி வருகிறது; அழற்சியினால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்துவிடுகிறது. மண்ணீரலிலிருந்து வரும் பெரிய இரத்தக்குழாய் கணையத்தின் முதுகை ஒட்டியே ஓடுகிறது. பக்கத்து வீடு எரிந்தால் நம் கூரைக்கும் சூடு வருமல்லவா? அப்படித்தான் அந்தக் குழாயில் கட்டி உண்டாகிறது. சிலருக்கு அது ஈரலுக்கும் குடலுக்கும் போகும் பெரிய குழாய்கள்வரை பரவும். இங்கே கேள்வி தலைகீழாகிறது: அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கிற கணையத்தை வைத்துக்கொண்டு, உறையாமலிருக்க மருந்து கொடுக்கலாமா?

மருத்துவர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. ஈரலுக்கும் குடலுக்கும் போகும் குழாய்கள் அடைபட்டால் குடலே அழுகிவிடக்கூடும் என்பதால் பெரும்பாலும் மருந்து கொடுக்கிறார்கள். மண்ணீரல் குழாய் மட்டும் அடைபட்டிருந்தால் பலர் கொடுக்காமல் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். எப்படியானாலும், தொடங்குமுன் சி.டி. ஸ்கேனில் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். கணைய நீர் அரித்ததால் இரத்தக் குழாய் ஏதாவது பலூன் போலப் புடைத்திருக்கிறதா என்று. அது இருக்கும்போது மருந்து கொடுத்தால் வெடித்துவிடும். முதலில் குழாய் வழியாகச் சென்று அதை அடைக்க வேண்டும். என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்குப் போனபின் ஐ.என்.ஆர். பார்க்க வழியே இல்லாத ஒருவருக்கு, அவசியமில்லாத இடத்தில் வார்ஃபரின் மாத்திரையைத் தொடங்குவது உதவியாகாது. இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு, பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகளையும் இப்போது கொடுத்து வருகிறார்கள்.

புதிய மாத்திரை என்றதும் உங்களில் சிலர் முன்பே என்னிடம் கேட்டது ஞாபகம் வருகிறது. "வால்வு வைத்தவர்களுக்கும் அதையே வாங்கிக் கொடுத்துவிடலாமே, நாங்கள் உதவி செய்கிறோமே" என்றீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் கூடாது. டாபிகாட்ரான் என்னும் புதிய மாத்திரையை உலோக வால்வு வைத்தவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். கட்டியும் அதிகம், இரத்தப்போக்கும் அதிகம் என்று 2012-இல் சோதனையை நடுவிலேயே நிறுத்தினார்கள். அபிக்ஸபான் சோதனையும் 2022-இல் அப்படியே நின்றது. வால்வு மாற்றாமல், ருமாட்டிக் நோயால் இதயத் துடிப்பு தாறுமாறானவர்கள் 4,500-க்கும் மேற்பட்டோரை நம் நாடு உட்பட 24 நாடுகளில் சேர்த்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவும் 2022-இல் வந்தது. விலை கூடிய ரிவராக்ஸபானைவிடப் பழைய மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே சாவு குறைவு. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு அது.

ஆகவே நம் ஜனங்களுக்கு மாடு தின்ற புல்லிலிருந்து வந்த அந்தப் பழைய மாத்திரைதான். அதற்குப் பரிசோதனை வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு அரசாங்கக் காப்பீட்டுத் திட்டம் 2009 முதல் கை கொடுக்கிறது. அறுவை ஒரு நாள் காரியம், ஐ.என்.ஆர். ஆயுள் முழுவதும். மலையிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, இரத்தம் கொடுத்து, விடை வாங்கி, மருந்தின் அளவைக் கேட்டுத் திரும்புவதற்கு ஒரு நாள் கூலி போகிறது, பஸ் செலவும் சேர்கிறது. நன்றாக இருக்கிறபோது அந்த ஒரு நாளை எவர்தான் விடுவார்? விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, சில நிமிஷத்தில் ஐ.என்.ஆர். காட்டுகிற சிறு கருவி இப்போது இருக்கிறது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு புதிய பட்டை வேண்டும். பெரிய இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் கொடுத்தவர் பெயரைச் சுவரில் பதிக்கலாம். இந்தப் பட்டையில் பெயர் போட இடமில்லை. போட்டாலும் அன்றைக்கே குப்பைக்குப் போகிறது. அதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

(உரைக்குப்பின் சிலர் கேட்ட கேள்விகளுக்கு மருத்துவர் அளித்த பதில்களில் மூன்று இங்கே தரப்படுகின்றன.)

கீரை சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். சாப்பிடலாம். முருங்கைக்கீரையிலும் மற்ற கீரைகளிலும் வைட்டமின் கே உண்டு. அதற்காக அதை வெறுக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பிடுகிறவர்கள் என்றும் இரண்டு நாள் சாப்பிடுங்கள். ஒரு மாதம் தினமும், மறு மாதம் ஒன்றுமே இல்லை என்பதுதான் கெடுதி.

லெந்து நாட்களில் உபவாசம் இருக்கலாமா என்று ஒரு தாயார் கேட்டார்கள். நல்ல கேள்வி. நாற்பது நாளும் மாமிசத்தை விட்டுக் கீரையும் காயுமாக மாறினாலும் ஐ.என்.ஆர். மாறும், முழுப் பட்டினி இருந்தாலும் மாறும். மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். லெந்து தொடங்கி ஒரு வாரத்தில் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பித்தப்பையில் கல் உள்ளவர்கள் முழுப் பட்டினியைத் தவிர்த்து, வேறு எதையாவது வெறுத்து உபவாசிப்பது நல்லது. குருவானவரும் ஆட்சேபிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

மலைமேல் ஸ்கேனும் இல்லை, ஐ.என்.ஆரும் இல்லை, வால்வு வைத்தவருக்கு ராத்திரியில் வயிற்றுவலி வந்தால் நாங்கள் என்ன செய்வது என்று ஒரு நர்ஸ் சகோதரி கேட்டார்கள். சகோதரி, சதையில் எந்த ஊசியும் போடாதீர்கள். வலிக்கு மருந்து வேண்டுமானால் நரம்பு வழியாக மட்டும். டைக்ளோஃபெனாக் வேண்டாம். வாந்தி இருந்தால் வாய் வழியாக ஒன்றும் கொடுக்காமல், நரம்பில் ஊசி ஏற்றி உப்புநீர் தொடங்குங்கள். அன்றைய வால்வு மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, கடைசி மாத்திரையை எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை மில்லிகிராம் சாப்பிட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேறு யாராவது ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் அந்த அட்டையையும் தாளோடு சேர்த்துக் கட்டுங்கள். 108-ஐ அழையுங்கள். வெள்ளிமலையிலிருந்து வண்டி இறங்குவதற்குள் கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, நீங்கள் அனுப்புகிற வேறு இடத்துக்கோ போன் செய்து, "உலோக வால்வு, மாத்திரை சாப்பிடுகிறவர், வயிற்றுவலி" என்று சொல்லிவிடுங்கள். வண்டி வந்து நிற்கும்போது அங்கே ஐ.என்.ஆர். எடுக்க ஆள் தயாராக இருக்கட்டும்.